நோர்வூட்டுக்குக் கொண்டுபோன கன்னம்

என் பிழையை மறைப்பதற்காக, மாரிமுத்து என்ற தொழிலாளியின் வேலையைப் போக்கியவன் நான். நாற்பது வருடங்களுக்கு மேலாகிவிட்டது. சொன்ன பொய் ஒரே ஒரு வசனம்: “அவன் தூங்கிவிட்டான்.” அதைத் திருப்பி எடுத்துக்கொள்ளத்தான் சென்ற மாசியில் ஹட்டனுக்கு ரயில் ஏறினேன்.

காலை 5.55, கொழும்பு கோட்டை. இரண்டாம் வகுப்பில் யன்னலோர இருக்கை. ஹட்டன் நூற்று எழுபது கிலோமீட்டருக்கு மேல். நாவலப்பிட்டி தாண்டியதும் குளிர் முழங்காலைப் பிடித்தது. எதிரே இருந்த நுவரெலியாக் காய்கறி வியாபாரி, எங்கே பயணம் என்று விசாரித்தார். பழைய நண்பரைப் பார்க்க என்றேன்.

“கூட்டாளியப் பாக்கப் போறவரு மொகத்த ஏன் இப்படி வெச்சிருக்கீங்க? வடை சாப்பிடுங்க” என்று இறால் வடைப் பொட்டலத்தை நீட்டினார்.

அவருக்குச் சொல்லாததை இங்கே சொல்கிறேன். வடமேற்குக் கரையில், உப்பளம் ஒன்றின் அருகே இருந்த சிறிய புரோமீன் ஆலையில் நான் இரசாயனவியலாளன். உப்பு எடுத்தபின் மிஞ்சும் கசப்பு நீரில் குளோரீனைச் செலுத்தினால் புரோமீன் பிரியும். அந்த நீரை ஒரு கோபுரத்தின் உச்சியிலிருந்து வடியவிட்டு, கீழிருந்து காற்றை ஊதுவோம். காற்று புரோமீனைத் தூக்கிக்கொண்டு இரண்டாவது கோபுரத்துக்குப் போகும். அங்கே சோடாக் கரைசல் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மிச்சக் காற்று நிறமில்லாமல் புகைபோக்கியால் வெளியேற வேண்டும். பிடித்ததை மீட்டு எடுப்பது பிறகு நடக்கும் வேலை.

கரைசல் வலுவிழந்தால் மாற்றச் சொல்ல வேண்டியவன் நான். அன்று பகல் கன்ரீனில் வானொலியில் கிரிக்கெட் வர்ணனை. இன்னும் ஒரு ஓவர், இன்னும் ஒரு ஓவர் என்று இருந்துவிட்டேன். வெளியே வந்தபோது புகைபோக்கி செம்பழுப்பாகப் புகைந்துகொண்டிருந்தது. பக்கத்துக் குடிசைகளில் எல்லோரும் கண்ணைக் கசக்கிக்கொண்டு கடற்கரைக்கு ஓடினார்கள். நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை. முகாமையாளர் கேட்டபோதுதான் அந்த வசனத்தைச் சொன்னேன். கோபுரத்தடியில் காற்றூதும் விசிறியைக் கவனித்துக்கொண்டு நின்ற மாரிமுத்து அன்றே வீட்டுக்கு அனுப்பப்பட்டார்.

இத்தனை காலம் கழித்து, வெள்ளவத்தையில் நான் சாமான் வாங்கும் கடையின் கல்லாவில் இருக்கும் பெண் அவருடைய மகள் என்று தெரியவந்தது. தகப்பனின் தொலைபேசி இலக்கம் தந்தாள்; வருகிறேன் என்று அவருக்குச் சொல்லிவைத்தேன்.

முற்பகல் 11.30, ஹட்டன். பொகவந்தலாவை பஸ்ஸில் நெரிசல். “தாத்தா, கம்பியப் புடிங்க. இந்த ரோட்டுல சீட்ட நம்ப முடியாது” என்றார் கண்டக்டர். அடுத்த வளைவிலேயே அது எனக்கு விளங்கிவிட்டது. காசல்ரீ நீர்த்தேக்கம் ஒருமுறை வலப்பக்கம், ஒருமுறை இடப்பக்கம் வந்து போனது. முக்கால் மணித்தியாலத்தில் நோர்வூட்.

கம்பளித் தொப்பி போட்ட முதியவர் ஒருவர் வந்து என் பையை வாங்கிக்கொண்டார். மாரிமுத்துதான். அவர் வசிக்கும் தேயிலைத் தோட்டத்துக்கு ஆட்டோ நானூறு ரூபாய். இறங்கியபின் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்கு ஏற்றம். ரயிலில் மனப்பாடம் செய்து வந்த மன்னிப்பை ஏற்றத்திலேயே தொடங்கினேன். பாதியில் கையமர்த்தினார்.

“நான் தூங்கலன்னு எனக்குத் தெரியாதாங்க? அத விடுங்க. இப்ப வேற சிக்கல்.” குரலைத் தாழ்த்தினார். “வேலை போச்சுன்னு சொல்ல வெக்கமா இருந்திச்சு. தொரைய அறைஞ்சிட்டு நானே வந்துட்டேன்னு சொல்லிட்டேங்க.”

“எந்தத் துரையை?”

“ஒங்களத்தாங்க.”

அவருடைய மனைவி பாக்கியத்தின் தகப்பன் பெண் கொடுத்ததே அந்த வீரத்துக்காகத்தானாம். பாக்கியத்தின் அண்ணன் சுப்பையா மட்டும் இன்றுவரை நம்பவில்லை. கோயில் திருவிழா, கல்யாணம், கருமாதி எங்கும் அதைச் சொல்லிக் குத்திக்காட்டுவாராம். இப்போது அவரும் வந்து காத்திருக்கிறார்.

“மன்னிப்புக் கேக்க வந்தீங்க. தயவுசெஞ்சு கேக்காதீங்க. என் மானம் ஒங்க கையில.”

லயத்து வாசலில் பத்துப் பதினைந்து பேர் நின்றார்கள். பாக்கியம் ரொட்டியும் காரமான கட்டச் சம்பலும் வைத்தார். சுப்பையா என் முன்னால் முக்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்தார்.

“அறைஞ்ச கையத்தான் இத்தன வருசமா பாக்குறோம். வாங்குன கன்னத்த இன்னைக்குத்தான் பாக்குறேன். நெசமாவே அறைஞ்சாராங்க?”

மாரிமுத்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஓம், அறைஞ்சவர்தான்” என்றேன். சுப்பையாவின் முகத்தில் இன்னும் சந்தேகம் இருந்ததால், “மூண்டு நாள் சோறு சப்ப ஏலாமல் கிடந்தனான்” என்றும் சேர்த்துக்கொண்டேன்.

தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த பாக்கியம் நிமிர்ந்தார். “எந்தக் கன்னங்க?”

இடது கன்னத்தைத் தொட்டுக் காட்டினேன். வாசல் முழுவதும் சிரிப்பு. சுப்பையா எழுந்து மைத்துனரின் தோளில் தட்டி, “சரிய்யா, தோத்துட்டேன்” என்றார். ஒருவனுக்கு எதிராக ஒரு பொய் சொன்னவன், அவனுக்காக இன்னொன்று சொன்னேன். இரண்டாவது சுலபமாக வந்தது.

பிற்பகல் தேயிலைத் தொழிற்சாலையின் மாடிக்குக் கூட்டிப்போனார். அவர் ஓய்வுபெற்றது அங்கேதான். நீண்ட தொட்டிகளில் கொழுந்தைப் பரப்பி, அடியிலிருந்து காற்றை ஊதி வாட்டுகிறார்கள். “ஒருக்கா போட்டுக் காட்டவா?” என்று அங்கிருந்தவரிடம் கேட்டு, இடது கையால் மின் ஆளியைத் தட்டினார். விசிறி முழங்கியது.

“அங்க காத்து விசத்தத் தூக்கிட்டுப் போச்சு. இங்க ஈரத்தத் தூக்கிட்டுப் போகுது. நமக்கு எப்பவும் காத்தாடிகிட்டத்தான் வேலைங்க. ஆனா இங்க வாசம் நல்லாருக்கு.”

மாலை 6 மணி, நோர்வூட் பஸ் தரிப்பிடம். எனக்குத் தேயிலைத்தூள் வாங்க மாரிமுத்து கடைக்குள் போனார். வழியனுப்ப வந்த பாக்கியம் பக்கத்தில் வந்து நின்றார்.

“ஐயா, அவரு எடது கைக்காரரு. அறைஞ்சிருந்தா ஒங்க வலது கன்னத்துலதான் விழுந்திருக்கும்.”

என் கை தானாக வலது கன்னத்துக்குப் போனது. அவர் கோபப்படவில்லை.

“உக்காந்த எடத்துல தூங்குற மனுசன். வேலையில தூங்கித்தான் தொரத்திட்டாங்கன்னு நானே நெனச்சுக்கிட்டேன். ஒரு நாளும் கேட்டதில்ல. தூங்குனாராங்க?”

“இல்லை அம்மா. அவர் தூங்கேல்லை. கரைசலை மாத்தாமல் விட்டது நான். தூங்கினார் எண்டு பொய் சொன்னதும் நான்தான்.”

கடை வாசலை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு போர்வையை இழுத்துவிட்டபடி, “அப்ப ஒங்கள நான்தான் அறையணும்” என்றார். சொல்லி முடிப்பதற்குள் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. “எங்கண்ணன்கிட்ட சொல்ல மாட்டேன். இவருகிட்டயும் சொல்ல மாட்டேன். அறைஞ்சதாவே இருக்கட்டும்.”

இரவு தங்க ஹட்டனுக்குத் திரும்பினேன். வெள்ளவத்தையில் என் யன்னலைத் திறந்தால் உப்புக்காற்று வரும்; அது வரும்போதெல்லாம் அந்தச் செம்பழுப்புப் புகையும் நினைவில் வரும். இங்கே பஸ் யன்னல் வழியாக வந்த காற்றில் பச்சைக் கொழுந்து மணம்தான் இருந்தது. ஹட்டன் விளக்குகள் தெரியத் தொடங்கியபோது தொலைபேசி அடித்தது.

“ஐயா,” மாரிமுத்துவின் குரல் கிசுகிசுத்தது, “பாக்கியத்துகிட்ட என்னா சொன்னீங்க? கேக்காமலே ரெண்டு முட்டை பொரிச்சுக் குடுத்திருக்கா. பயமா இருக்குங்க.”

“ஆறுறதுக்கு முதல் சாப்பிடும்” என்றேன்.