ஊசி குத்தாத ஆறு வாரம்

வேலைத்தளங்களில் அவளை எல்லோரும் ஊசி என்றுதான் கூப்பிட்டார்கள். அவள் பையில் எப்போதும் முழ நீளத்தில் ஓர் இரும்பு ஊசி இருக்கும். அதன் தலையில் எண் காட்டும் சிறு பெட்டி. சுவருக்குள் குத்தினால் உள்ளே எவ்வளவு ஈரம் என்று சொல்லிவிடும்.

வைக்கோல் கட்டுகளைச் செங்கல் போல அடுக்கி, இருபுறமும் சுண்ணாம்பு பூசி எழுப்பும் வீடுகளில் இருபத்திரண்டு வருடமாகப் பூச்சுவேலை செய்கிறாள். கேள்விப்படுகிறவர்கள் எல்லாரும் நெருப்பைப் பற்றித்தான் கேட்பார்கள். இறுக்கிக் கட்டி நன்றாகப் பூசிய வைக்கோல் லேசில் பற்றாது. அந்தச் சுவருக்கு எமன் ஈரம். எண் பதினைந்துக்குள் இருந்தால் நிம்மதியாகத் தூங்கலாம். இருபதைத் தாண்டினால் உள்ளே அழுகல் தொடங்கிவிடும். மற்றவர்கள் ஒரு சுவரில் நான்கு இடத்தில் குத்தினால் அவள் பதினொரு இடத்தில் குத்துவாள்.

"சுவரு என்ன நோயாளியா? விடும்மா" என்று மேஸ்திரி கேலி செய்வார்.

"நோயாளி வாயத் தொறந்து சொல்லிருவான் மேஸ்திரி. சுவரு சொல்லாது."

அந்த வேலைக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. வீட்டின் ஏதாவது ஒரு சுவரில் உள்ளங்கை அளவு சதுரத்தைப் பூசாமல் விட்டு, கண்ணாடி பதித்துவிடுவார்கள். உள்ளே இருப்பது என்ன என்று யார் வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம். அதற்குப் பெயர் சாட்சி. சாட்சி வைக்காமல் அவள் ஒரு வீட்டையும் முடித்துக் கொடுத்ததில்லை. சொந்த வீட்டிலும் மேற்குச் சுவரில், ஜன்னலுக்குக் கீழே வைத்தாள்.

சொந்த வீட்டுக்குச் சுவரும் கூரையும் எழுந்தபோது சேமிப்பு முடிந்திருந்தது. தரை, கதவு, மின்சாரம், குழாய் எல்லாம் பாக்கி. வீட்டை அடமானம் வைத்துக் கடன் தர வங்கி தயார்தான். ஆனால் முதலில் காப்பீட்டுச் சான்று வேண்டும். இரண்டு காப்பீட்டு நிறுவனங்கள் வைக்கோல் என்ற சொல்லைக் கேட்டதுமே கோப்பை மூடின. குடியிருந்த வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்லித் தேதியும் கொடுத்துவிட்டார்கள்.

மூன்றாவது நிறுவனத்தின் படிவத்தை அவள் கொழுந்தன் நிரப்பினான். நகலெடுக்கும் கடை வைத்திருப்பவன். ஊரார் படிவங்களையெல்லாம் நிரப்பிப் பழகிய கை.

"சுவர்னு ஒரு கேள்வி இருக்கு அண்ணி. செங்கல், கல், கான்கிரீட், மரம், மற்றவை. வைக்கோல்னு எழுதினா மாட்டுக்கொட்டகைன்னு நெனச்சிருவாங்க. சுண்ணாம்புப் பூச்சுச் சுவர்னு போடுறேன். பொய் ஒண்ணும் இல்லையே?"

"பொய் இல்ல" என்றாள். சொன்ன பிறகு வெகுநேரம் அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பேருந்து ஓட்டுநரான அவள் கணவர் சாட்சிக்கு மேலே ஆணி அடித்து, அது மறையும்படி ஒரு பெரிய நாட்காட்டியை மாட்டினார். ஊசித் துளைகளை அவளே சுண்ணாம்பு வைத்து அடைத்தாள். அளவெடுப்பதையும் நிறுத்தினாள். புதிதாகக் குத்தினால் புதுத் துளை தெரியும். தெரிந்தால் கேள்வி வரும்.

வீட்டைப் பார்க்க நிறுவனத்தின் மதிப்பீட்டாளர் அடுத்த வாரம் வருவதாகச் சொன்னார்கள். அந்த அடுத்த வாரம் ஆறு வாரம் ஆனது. நடுவில் ஒன்பது நாள் விடாமல் மேற்கிலிருந்து சாய்ந்தடித்த மழை.

ஒரு வழியாக ஒரு காலையில் அவர் வந்தார். சட்டைப்பையில் இரண்டு பேனா வைத்திருந்த, அவசரப்படாத மனிதர். சுவர்களைத் தட்டிப் பார்த்தார். "வெளிய இப்படிக் காயுது, உள்ள குளுகுளுன்னு இருக்கே?"

"எல்லாம் அண்ணி கைராசி சார்" என்றான் கொழுந்தன்.

அவர் சிரித்தபடி, கவிழ்த்துப் போட்ட சுண்ணாம்பு வாளிமேல் உட்கார்ந்து எழுதத் தொடங்கினார். நாட்காட்டியை மறைப்பதுபோல நின்றிருந்த அவளுக்கு அப்போதுதான் அந்த வாடை வந்தது. நனைந்து, காயாமலே கிடந்த சாக்கின் வாடை. ஊசி இல்லாமலே தெரிந்துவிட்டது. பேனா ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. முதல் பக்கம் திரும்பியது, இரண்டாவதும் திரும்பியது.

நாட்காட்டியைக் கழற்றிக் கீழே வைத்தாள்.

கண்ணாடியின் உட்பக்கம் முத்து முத்தாக நீர். அதற்குப் பின்னால் மஞ்சளாக இருக்க வேண்டிய வைக்கோல் கறுத்திருந்தது.

"என்னம்மா இது?"

"வைக்கோல் சார். சுவரு பூரா வைக்கோல்தான். இந்த எடத்துல தண்ணி எறங்கியிருக்கு."

கொழுந்தன் கூரையைப் பார்த்தான். மதிப்பீட்டாளர் பேனாவை மூடினார். "இன்னும் ஒரு பக்கந்தான் பாக்கி. கையெழுத்துப் போட்டுட்டுக் கெளம்பியிருப்பேனே."

"நாளைக்கு இந்தச் சுவரு உப்பிக்கிட்டு விழுந்தா, பாக்குறதுக்கு நீங்கதான வருவீங்க? வைக்கோலை மறச்சிருக்காங்கன்னு தெரிஞ்சா பணம் தருவீங்களா?"

"தர மாட்டோம்."

பிறகு ஏதோ தோன்றியவராக, "ஈரம் பாக்குற பழக்கமெல்லாம் உண்டா?" என்றார். அவள் நோட்டை எடுத்து வந்தாள். முதல் கட்டு வைத்த நாளிலிருந்து பதினான்கு மாதம், நாள்தோறும் சுவருக்குப் பதினொரு எண்கள். அவர் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். எண்கள் நின்றுபோன இடத்தில் அவர் விரலும் நின்றது.

"இருபத்தஞ்சு வருஷத்துல இப்படி ஒரு நோட்டை நான் பாத்ததில்லம்மா. இது மட்டும் இன்னிக்கு வரைக்கும் இருந்திருந்தா, மற்றவைன்னு போட்டு, இதையும் சேத்து மேல அனுப்பியிருப்பேன். தைரியமா." நோட்டை மூடிக் கொடுத்தார். "இப்ப ஈரச் சுவர்னுதான் எழுத முடியும். சரி பண்ணிட்டு நாலு மாச அளவு கொண்டாங்க. அப்பவும் முடிவு என் கையில இல்ல."

அவர் போன பிறகு கொழுந்தன், "படிவத்துல கைவச்சது நான்தான் அண்ணி" என்றான்.

"நோட்டை நிறுத்தினது நான்" என்றாள்.

மதியம் கணவர் வேலை முடிந்து நேராக அங்கே வந்தார். நடந்ததைக் கேட்டார். சீருடையைக் கூட மாற்றாமல் அந்த வாளிமேலேயே உட்கார்ந்தார்.

"காலி பண்ண பன்னெண்டு நாள்தான் இருக்கு."

"தெரியும்."

"அந்த ஆளு பாட்டுக்கு எழுதிட்டுப் போயிருப்பாரு."

"ஆமா."

அவர் எழுந்து, தாம் அடித்த ஆணியைப் பிடுங்கி எறிந்தார். அது எங்கோ உருண்டு போனது. அவள் அடைத்த துளைகளைத் தேடிப் பிடித்து ஊசியைச் செருகினாள். முதல் இடத்தில் முப்பத்தொன்று. நோட்டு அவர் கையில் இருந்தது.

"நடுவுல விட்டுப்போனத ஒரு மாதிரி குத்துமதிப்பாப் போட்டு நெரப்பிடலாம்ல? மழை பெஞ்ச நாளெல்லாம் நமக்குத் தெரியுமே."

அவள் அடுத்த துளையில் குத்திக் காத்திருந்தாள். அவர் கொஞ்ச நேரம் அவள் முதுகையே பார்த்தார். பிறகு அந்த ஆறு வாரத்துக்கான பக்கங்களை வெற்றாகவே விட்டு, ஒரு புதுப் பக்கத்தில் அன்றைய தேதியைப் போட்டார்.

"எத்தன?"

"இருபத்தாறு."

எழுதினார். "அடுத்தது?"