பலா வாசமும் சிங்கவால் குரங்கும்

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. திருச்சி மார்க்கெட்டில் வாழைத்தார் சுமந்து, பிறகு சொந்தமாகப் பழமண்டி வைத்தேன். இன்று ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருப் பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவராக மேடையில் உட்காருகிறேன் என்றால், அது யார் தயவிலும் வந்ததில்லை. பள்ளிக்கூடச் சுற்றுலா ஒன்றுதான் பாக்கி இருந்தது. அதற்கும் போன வருஷம் போய்விட்டேன், அறுபத்தெட்டு வயதில்.

வால்பாறைப் பக்கம் மழைக்காட்டுக்கு ஆறாம் வகுப்பைக் கூட்டிப் போகலாம் என்று அறிவியல் டீச்சர்தான் கேட்டார். ஹெட்மாஸ்டருக்கு இஷ்டமில்லை. எப்போதும் போகும் தண்ணீர்ப் பூங்கா போதும் என்றார். கடைசியில், "சரி, போவோம். ஆனா நீங்க சொல்ற அந்தச் சிங்கவால் குரங்கைப் பிள்ளைங்க கண்ணால பாக்கலைன்னா, இனிமே காட்டுப் பேச்சே எடுக்கக் கூடாது டீச்சர்" என்று சொல்லிவிட்டார்.

அந்த அம்மாவை அப்படி மாட்டிவிட்டபின் நான் சும்மா இருப்பேனா? ஜீயபுரத்துப் பூவன் தார் நான்கை பஸ்ஸில் ஏற்றினேன். பழத்தைக் காட்டினால் குரங்கு வராமல் எங்கே போகும்? சோதனைச் சாவடியில் வனத்துறைக்காரர், "பெரியவரே, இவ்வளவும் யாருக்கு?" என்றார்.

"உங்க குரங்குக்குத்தான்" என்றேன் பெருமையாக.

காட்டு விலங்குக்குத் தீனி போட்டால் அபராதம் என்று நான்கையும் இறக்கி வைத்துவிட்டார். "தாத்தா குரங்குக்குச் சீர் கொண்டாந்திருக்காருடா!" என்று பஸ்ஸே அதிர்ந்தது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

மறுநாள் காலை அந்த ஊர் வழிகாட்டி ஒருவர் எங்களைக் காட்டுக்குள் அழைத்துப் போனார். கழுத்து வலிக்க அண்ணாந்தாலும் மரத்தின் உச்சி தெரியவில்லை. மலையணில் பார்த்தோம், பச்சைப் பாம்பு பார்த்தோம். என் காலில் ஏறிய அட்டையைப் பிள்ளைகள் வரிசையில் நின்று பார்த்தார்கள். குரங்கை மட்டும் காணோம். இரண்டு மணி நேரம் ஆனதும் ஹெட்மாஸ்டர், "திரும்பலாமா டீச்சர்?" என்றார். டீச்சர் முகத்தில் ஈயாடவில்லை.

அப்போது காற்று திரும்பியது. பலா வாசம்! மூடின கூடையை மோந்தே எது இன்றைக்கு, எது நாளைக்கு என்று முப்பது வருஷம் சொன்ன மூக்கு இது.

"தம்பி, கிட்டத்துல பலாமரம் இருக்கா?"

"இருக்குங்கய்யா, ஓடைக்கு அந்தப் பக்கம்" என்றார் வழிகாட்டி. "ஆனா பழுக்க இன்னும் ஒரு வாரம் ஆகுமே."

"ஒரு வாரமா? நேத்தே பழுத்து, இன்னிக்கு வெடிச்சாச்சு."

"தலைவரே, இது உங்க மண்டி இல்லீங்க" என்றார் ஹெட்மாஸ்டர்.

"மண்டியா இருந்தா இந்நேரம் வித்திருப்பேன். வாங்க சார்."

வழிகாட்டியும் ஒருதரம் மூச்சை இழுத்துப் பார்த்துவிட்டு, சிரித்துக்கொண்டே முன்னால் நடந்தார். ஓடையைத் தாண்டினால் மரம். அடிமரத்தில் ஒரு பழம் வாயைப் பிளந்துகொண்டு தொங்கியது. டீச்சர் நாற்பது பிள்ளைகளையும் தள்ளி உட்கார வைத்து, உதட்டில் விரல் வைத்தார். என் வாழ்நாளில் நான் அவ்வளவு நேரம் வாயை மூடிக்கொண்டு இருந்ததே இல்லை.

மேலே இலை அசைந்தது. கன்னங்கரேல் என்று ஓர் உடம்பு, முகத்தைச் சுற்றி நரைத்த பிடரி, நுனியில் குஞ்சம் வைத்த வால். அதன் பின்னால் இன்னொன்று. பிறகு வயிற்றில் குட்டியோடு ஒரு தாய். எண்ணிக்கொண்டே வந்தேன், பதினொன்று! பழத்துக்குள் கையை விட்டுச் சுளையைப் பிடுங்கி, கொட்டையைத் துப்பி, அவர்கள் வீட்டுக் கல்யாணப் பந்தி மாதிரி நடந்தது. பிள்ளைகள் ஒருவர் தொடையை ஒருவர் கிள்ளிக்கொண்டார்களே தவிர, ஒரு சத்தம் இல்லை.

ஹெட்மாஸ்டர் தோளில் பிசுபிசுவென்று ஒரு சக்கை வந்து விழுந்தது. அவர் அதைத் தட்டிவிடக்கூட இல்லை.

"டீச்சர்" என்றார் மெதுவாக, "அடுத்த வருஷம் ஏழாங்கிளாஸையும் சேத்துக் கூட்டிட்டு வந்துருவோமா?"

"ரெண்டு பஸ் ஆகுமே சார்."

"ஆகட்டும்" என்றார், குரங்கைவிட்டுக் கண்ணை எடுக்காமல்.