வண்டியோடு போன புளிச்சோறு

சித்தப்பா, நீங்கள் பொய் சொல்கிறீர்கள். என் அப்பா விமானத்தைப் பார்த்துப் பயந்து மயங்கவில்லை. பசியில் மயங்கினார். அந்தப் பசிக்குக் காரணம் நீங்கள்.

பதினைந்து வருடமாக ஒவ்வொரு கல்யாணப் பந்தியிலும் இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். "எங்கண்ணன் லேத்து மிஷினாண்ட நின்னா புலி, ஏரோப்ளேன்ல ஏத்தினா எலி" என்று ஆரம்பித்தால் பாயசம் வரும்வரை நிறுத்துவதில்லை. எல்லாரும் சிரிக்கிறார்கள். அப்பாவும் சேர்ந்து சிரிக்கிறார். அம்மா மட்டும் தலையைத் தூக்காமல் சாப்பிடுகிறாள். அன்றைக்கு எனக்கு ஒன்பது வயது. நானும் அந்த விமானத்தில் இருந்தேன். நடந்தது எனக்குத் தெரியும்.

மெல்போர்னில் அத்தை புது வீடு வாங்கியிருந்தாள். பால் காய்ச்சும்போது அண்ணன், தம்பி இரண்டு பேரும் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று ஒரே அழுகை. திருமுல்லைவாயிலிலிருந்து நாங்கள் மூன்று பேர், காட்டுப்பாக்கம் அடுக்குமாடியிலிருந்து சித்தப்பா வீட்டில் நான்கு பேர். சித்தப்பா கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர், அதனால் டிக்கெட் போடும் வேலை அவருடையது. அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறவர். பணத்தையும் பாஸ்போர்ட்டையும் தம்பி கையில் கொடுத்துவிட்டுச் சும்மா இருந்துவிட்டார்.

இருப்பதிலேயே மலிவான டிக்கெட். கோலாலம்பூரில் இறங்கி வேறு விமானம் மாற வேண்டும். தண்ணீருக்குக்கூடக் காசு கேட்பார்கள், வழிக்கு வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு வாருங்கள் என்று அத்தை போனில் சொன்னாள். கெட்டியாக, குழம்பு கிழம்பு இல்லாமல் எதுவானாலும் விடுவார்களாம். ஆனால் அங்கே வந்து இறங்கும்போது ஒரு பருக்கை மிஞ்சக் கூடாதாம். ஏழு பேருக்கும் கட்டுவது மூத்த மருமகளான அம்மாவின் வேலை. இதை யாரும் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் இதையெல்லாம் சொல்ல மாட்டார்கள்.

அம்மா இரண்டு நாள் அடுப்படியிலேயே கிடந்தாள். புளிக்காய்ச்சலை நல்லெண்ணெய் பிரிந்து மேலே நிற்கும்வரை சுண்ட வைத்தாள். சோற்றை நான்கு தாம்பாளத்தில் பரப்பி, ஆவி அடங்கும்வரை ஃபேனுக்கு அடியில் வைத்திருந்தாள். சூட்டோடு கட்டினால் வியர்த்துக் கெட்டுவிடும். வாழை இலையை அனலில் வாட்டி, மேலே பேப்பர் சுற்றி, நூல் போட்டாள். சித்தப்பாவின் சின்னப் பிள்ளைக்குக் காரம் ஆகாது, அவனுக்கு மிளகாய் போடாத பொடி இட்லி, வெள்ளை நூல். அப்பாவுக்குச் சர்க்கரை கண்டுபிடித்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. அவருக்குப் பால் விட்டுப் பிசைந்த சப்பாத்தி, கறுப்பு நூல்.

கையில் கொண்டுபோகும் பை ஏழு கிலோவுக்கு மேல் போகக் கூடாது. தெருமுனைப் பழைய பேப்பர் கடைத் தராசில் கொண்டுபோய் வைத்தோம். கடைக்காரர் பையை மோந்து பார்த்தார்.

"இன்னாக்கா, ஏரோப்ளேன எடைக்குப் போடப் போறியா, ஏரோப்ளேன்ல ஓட்டல் வெக்கப் போறியா?"

"நீ முள்ளப் பாத்து சொல்லு நைனா" என்றாள் அம்மா. ஒன்றரைக் கிலோ அதிகம். சோற்றில் கை வைக்கவில்லை. தன் புடவைகளில் இரண்டை எடுத்து வீட்டிலேயே வைத்துவிட்டாள்.

வாடகை வேனில் போகும் வழியில் காட்டுப்பாக்கத்தில் சித்தப்பா குடும்பத்தை ஏற்றிக்கொண்டோம். ஏறின உடனே சித்தப்பா மூக்கை உறிஞ்சினார். "அண்ணி, வண்டியே கமகமன்னு கீது. எனக்கு ரெண்டு பொட்டலம், சொல்லிட்டேன்." அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. இந்த இடம் மட்டும் உங்கள் பந்திக் கதையில் வரவே வராது.

விமான நிலையத்தில் அப்பா தள்ளுவண்டி தேடிப் போயிருந்தார். அப்போதுதான் சித்தப்பாவின் ஆபீஸ் மேனேஜர் மனைவியோடு வந்து நின்றார். மலேசியாவுக்குச் சுற்றுலாவாம், அதே விமானமாம். சித்தப்பா கையைக் கட்டிக்கொண்டு நான்கு வார்த்தை பேசிவிட்டு வேனுக்குப் பின்னால் ஓடி வந்தார். முகமே வேறாக இருந்தது.

"அண்ணி, அந்தப் பைய வண்டிலயே வுட்ருங்க. உள்ள துன்றது எதுவும் உட மாட்டானுங்கோ. ஃபைன் போட்ருவான்."

"உங்கக்கா எட்த்துக்கினு வரலாம்னு சொல்லிச்சே தம்பி. உங்கண்ணனுக்கு வேற மாத்திர கீது. போட்டா அரை அவர்ல சாப்ட்டாவணும்."

"எல்லாம் டிக்கெட்லயே கீது அண்ணி. சூடா உக்கார்ற எடத்துக்கே வரும். சொன்னா கேளுங்க."

படித்தவர், நாலு நாடு பார்த்தவர். அம்மா நம்பினாள். இரண்டு நாள் உழைப்பை வேன் டிரைவரின் கையில் கொடுத்து, "வூட்டுக்கு எட்த்துக்கினு போய் புள்ளைங்களுக்குக் குடுப்பா" என்றாள்.

உள்ளே சோதனை இடத்தில் எங்களுக்கு முன்னால் ஓர் அம்மாள் நின்றிருந்தார். அவர் பையைத் திறக்கச் சொன்னார்கள். அலுமினியத் தாளில் சுற்றிய இட்லி. காக்கிச் சட்டைப் பெண் பிரித்துப் பார்த்துவிட்டு, எடுத்துக்கொண்டு போங்கள் என்று கையைக் காட்டிவிட்டாள். அவ்வளவுதான் உங்கள் ஃபைன். அம்மா திரும்பி உங்களைப் பார்த்தாள். நீங்கள் மேனேஜரிடம் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தீர்கள். 'கீது' எல்லாம் 'இருக்கிறது' ஆகியிருந்தது.

விமானம் மேலே போனதும் அப்பா மாத்திரையைப் போட்டுக்கொண்டார். சாப்பாடு வரும் என்று அம்மா சொல்லியிருந்தாள். வந்தது. ஆறு வரிசைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த சித்தப்பா வீட்டுக்கு நான்கு பெட்டி, ஆவி பறக்க. எங்களிடம் வந்தபோது பணிப்பெண் கையிலிருந்த தாளைப் பார்த்துவிட்டு, உங்கள் பேரில் சாப்பாடு சொல்லவில்லை என்றாள். அப்பா ரூபாயை நீட்டினார். அது செல்லாது, மலேசியப் பணம் வேண்டும், இல்லாவிட்டால் கார்டு வேண்டும். அப்பாவிடம் இரண்டும் இல்லை.

உங்களுக்கு மட்டும் சொல்லிவைத்துக்கொண்டதை நான் குற்றம் சொல்லவில்லை. எங்களுக்குத்தான் அண்ணி கட்டிக்கொண்டு வருவாளே என்று நினைத்திருப்பீர்கள். சரி. அப்புறம் எந்த வாயால் "எல்லாம் டிக்கெட்லயே கீது" என்றீர்கள்?

அப்பா அம்மாவிடம் திரும்பினார். "நீ கட்டினது இன்னாடி ஆச்சு?"

அம்மா ஆறு வரிசைக்கு முன்னால் தெரிந்த சித்தப்பாவின் தலையைப் பார்த்தாள். "வண்டிலயே மறந்து வெச்சிட்டேன்" என்றாள்.

"மறந்துட்டியா? புடவைய வெச்சிட்டு அத தூக்கிக்கினு வந்தவ, அதயே மறந்துட்டியா? மண்டைல இன்னா கீது உனக்கு?" அக்கம்பக்கம் திரும்பிப் பார்க்கும்படி கத்தினார். அம்மா வாங்கிக்கொண்டாள். எனக்கு அவள் மேல்தான் ஆத்திரம் வந்தது. வாய் இருக்கிறதே, சொல்லித் தொலைத்தால் என்ன என்று நினைத்தேன்.

பிறகு அம்மா என் காதில், சித்தப்பாவிடம் போய் ஏதாவது வாங்கிக்கொண்டு வா என்றாள். போனேன். நடைபாதைக்கு அந்தப் பக்கம் மேனேஜர். "அப்பாக்குப் பசிக்குதாம்" என்றேன். சித்தப்பா என்னைப் பார்த்து, "கோ அண்ட் சிட், டியர்" என்றார். வீட்டில் என்னை 'ஏய் வாலு' என்று கூப்பிடுகிறவர். அவர் வாயில் நான் டியர் ஆனது அந்த ஒரு தடவைதான்.

சித்தி மட்டும் தன் பெட்டியிலிருந்த சின்ன கேக்கை என் உள்ளங்கையில் வைத்து மூடி, "ஓடு" என்றாள். யாருக்கு என்று சொல்லவில்லை.

சர்க்கரைக்காரர் இனிப்பைத் தொடக் கூடாது என்று வீட்டில் அம்மா தினமும் சொல்வாள். அப்பாவின் காப்பியில் ஒரு சிட்டிகை சர்க்கரை போட்டுவிட்டேன் என்று எனக்கு அடிகூட விழுந்திருக்கிறது. அதனால் அந்த கேக் அப்பாவுக்காக இருக்க முடியாது என்று முடிவு செய்தேன். ஆறு வரிசை நடப்பதற்குள் தின்று முடித்தேன். அம்மா என் முகத்தைப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் முந்தானையால் என் வாயைத் துடைத்துவிட்டாள்.

கொஞ்ச நேரத்தில் அப்பாவுக்கு வியர்த்துக் கொட்டியது. பேச்சு குழறியது. கை நடுங்கி, தலை என் தோளில் சாய்ந்தது. அம்மா போட்ட கூச்சலில் பணிப்பெண்கள் ஓடி வந்தார்கள். யாரோ ஆரஞ்சுச் சாறு கொண்டுவந்து புகட்டினார்கள். அதற்குப் பிறகுதான் நீங்கள் வந்தீர்கள் சித்தப்பா. அண்ணன் முகத்தைப் பார்க்கவில்லை. பின்னாலேயே எழுந்து வந்த மேனேஜரைப் பார்த்து, முதல் தடவை விமானம் ஏறுகிறார், பயம், வேறொன்றுமில்லை என்று ஆங்கிலத்தில் சொன்னீர்கள். உங்கள் கதை பிறந்தது அங்கேதான்.

எனக்குப் பத்தொன்பது வயதில் ஒரு நாள், வீட்டுக் கூடத்தில் அப்பா அதே மாதிரி தடுமாறினார். அம்மா ஓடிப்போய் ஒரு கரண்டிச் சர்க்கரையை அள்ளி அவர் வாயில் போட்டாள். ஐந்து நிமிடத்தில் எழுந்து உட்கார்ந்தார். சித்தி அந்த கேக்கை யாருக்குக் கொடுத்தாள் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. என் வாயை அம்மா எதற்குத் துடைத்தாள் என்றும் புரிந்தது. அவள் அன்றைக்கு இரண்டு பேரைக் காப்பாற்றியிருக்கிறாள், உங்களையும் என்னையும். ஏன் பழியை நீ வாங்கிக்கொண்டாய் என்று அன்றைக்குத்தான் கேட்டேன். "உங்கப்பன் கோவம் தெரியாதா? அத்த வூட்ல பால் பொங்கசொல்ல அண்ணன் ஒரு மூலை, தம்பி ஒரு மூலைன்னு நிக்கிறதா? நீ வாய மூடு" என்றாள். மூடினேன்.

இனி மூட முடியாது. அடுத்த மாதம் அத்தை மகளுக்குக் கல்யாணம். அதே ஊர்தான். என் செலவில் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றாலும் அப்பா வரமாட்டேன் என்கிறார். குடும்ப வாட்ஸ்அப் குழுவில், "நமக்கு ஏரோப்ளேன் பயம்மா, நீங்கல்லாம் போய்ட்டு வாங்க" என்று அத்தைக்குக் குரல் செய்தி போட்டிருக்கிறார். சர்க்கரைதான் காரணம் என்று நான் எத்தனை தடவை சொன்னாலும் ஏறவில்லை. ஊரே பயம் என்றால் பயம்தான் போலிருக்கிறது என்று நம்பிவிட்டார். அறுபத்திரண்டு வயதில், நீங்கள் சொன்ன பொய்யை நம்பிக்கொண்டு, தங்கை மகள் கல்யாணத்துக்குப் போகாமல் வீட்டில் உட்காரப் போகிறார். அந்தச் செய்திக்குக் கீழே நீங்கள் சிரிக்கிற பொம்மை போட்டிருக்கிறீர்கள்.

கேக்கைத் தின்றவள் நான். அதை இங்கே எல்லாரும் படிக்கும்படி எழுதிவிட்டேன். இனி உங்கள் முறை. எனக்குத் தனியாகப் போன் செய்து "விடும்மா" என்று சொல்ல வேண்டாம், எடுக்க மாட்டேன். அத்தை இருக்கும் அதே குழுவில், அப்பா கேட்கும்படி, உங்கள் குரலில் சொல்லுங்கள். அந்தப் பையை வண்டியில் விடச் சொன்னது யார்?