பல் தெரியாத பரம்பரை

அவரை எல்லோரும் பல் செட்டுக்காரர் என்றே கூப்பிடுவார்கள். பல் டாக்டரின் கிளினிக்குக்குப் பின்னால், ஜன்னல் இல்லாத அறைதான் அவருடைய ராஜ்யம். அச்சு, மெழுகு, அரத்தூள், நடுவில் அவர். எதிரே வந்து உட்காருகிறவரின் கன்னத்தைப் பார்த்தே எத்தனை பல் போயிருக்கிறது என்று சொல்லிவிடுவார். அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. இருக்கிற ஒரே சொத்து அதுதான் என்பதால் நாமும் கண்டுகொள்ள வேண்டாம்.

அந்தக் கர்வமெல்லாம் சம்பந்தியைக் கண்டதும் பெட்டிப் பாம்பாகிவிடும். மகள் மாசமான பிறகு சம்பந்தியின் பழம்பெருமை இன்னும் கூடிவிட்டது.

"எங்க பக்கம் ஏழு தலைமுறைக்குக் கதை இருக்குங்க. குழந்தைக்காக எல்லாத்தையும் வீடியோ எடுத்து வைக்கப்போறோம். ஞாயித்துக்கிழமை வந்து உங்க பக்கத்தையும் சொல்லுங்க."

பல் செட்டுக்காரருக்குத் தெரிந்த முன்னோர்கள் அப்பாவோடு தீர்ந்துவிட்டார்கள். 'அம்மா பக்கத்துல யாருமே இல்லையா?' என்று பேரப்பிள்ளை ஒருநாள் கேட்டுவிடுமே என்று நினைக்க நினைக்க அவருக்கு அவமானமாக இருந்தது.

பரணைக் குடைந்ததில் ஒரு போட்டோ அகப்பட்டது. நாற்காலியில் கொள்ளுத்தாத்தா, பின்னால் அவருடைய நான்கு தம்பிகள் என்று அதன் முதுகில் எழுதியிருந்தது. ஐந்து பேருக்கும் ஒட்டிய கன்னம், உள்ளே மடிந்த உதடு. 'அடேயப்பா, என்ன வைராக்கியம்!' என்று பல் செட்டுக்காரர் புல்லரித்துப் போனார். இரண்டு தெரு தள்ளியிருந்த அத்தையைக் கேட்டிருக்கலாம். ஆனால் அத்தை வாயைத் திறந்தால் மானம் கப்பலேறும் என்பதால், கதையைத் தாமே கட்டிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை சம்பந்தி வீட்டுக்குப் போனால், மகள் அத்தையையும் அழைத்து முன்வரிசையில் உட்கார வைத்திருந்தாள்! வேறு வழியில்லை. மாப்பிள்ளை போனைத் தூக்கிப் பிடிக்க, பல் செட்டுக்காரர் தொண்டையைச் செருமினார்.

"பெரிய அதிகாரி ஒருத்தர் வந்து, 'கும்பிடு போட்டுச் சிரிங்கடா'ன்னாராம். அஞ்சு பேரும் வாயே திறக்கலை. அன்னையிலேருந்து எங்க பரம்பரையில யாரும் யார்கிட்டயும் பல்லைக் காட்டினது கிடையாது!"

"இருந்தாத்தானேடா காட்டுறதுக்கு!" என்றாள் அத்தை.

கூடம் சிரிப்பில் அதிர்ந்தது. பல் செட்டுக்காரர் போட்டோவை இன்னொரு முறை பார்த்தார். பொக்கை வாய்கள்! தினம் பத்துப் பொக்கை வாயைப் பார்க்கிற மனிதர், சொந்த ரத்தம் என்றதும் அதை வைராக்கியம் என்று நம்பியிருக்கிறார். காதுமடல் வரை சூடேறியது.

அத்தை விடவில்லை. "உன் கொள்ளுத்தாத்தா சந்தையில பல்லு புடுங்கினவரு. ஆரம்பத்துல ஒரு ஆள் கிட்ட வரலை. கத்துக்குட்டி கையில யாரு வாயைக் குடுப்பா? தம்பிங்கதான் மாத்தி மாத்தி வந்து உக்காந்தாங்க. சொத்தைப் பல்லு இல்லடா, நல்ல பல்லு! சந்தைக்கு நடுவுல நின்னு, 'வலியே தெரியலையே'ன்னு சத்தம் வேற போடுவாங்களாம். வீட்டுக்கு வந்துதான் அழுவாங்களாம். அப்படித்தான் அந்த வீட்ல அடுப்பு எரிஞ்சுது."

"அப்ப அந்தக் கொள்ளுத்தாத்தாவுக்குப் பல்லு எப்படிப் போச்சு?" என்றாள் மகள்.

"தொழில் நல்லா நடக்க ஆரம்பிச்சதும், 'என் தம்பிங்களுக்கு இல்லாதது எனக்கு எதுக்கு?'ன்னு தனக்குத்தானே புடுங்கிக்கிட்டாராம்."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. பல் செட்டுக்காரருக்குக் கண் கலங்கி, போட்டோவில் இருந்த முகங்கள் மங்கின.

"எங்க ஏழு தலைமுறையில ஒருத்தன் இன்னொருத்தனுக்கு ஒரு பல்லு குடுத்திருக்க மாட்டான்" என்றார் சம்பந்தி. "நான் என் தம்பி முகத்துல முழிச்சே பல வருஷம் ஆச்சு."

மாப்பிள்ளை மெல்லக் குனிந்து கேட்டான்: "மாமா, நீங்க சொன்ன அந்த அதிகாரி கதையை அழிச்சிடட்டுமா?"

"வேணாம் மாப்பிள்ளை, இருக்கட்டும்" என்றார் பல் செட்டுக்காரர், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "இப்பேர்ப்பட்டவங்களை விட்டுட்டு எவனோ அதிகாரியைத் தேடின தாத்தா எப்பேர்ப்பட்ட மடையன்னும் அந்தக் குழந்தைக்குத் தெரியணும்."