அக்ரிலிக் காயும் வரை

கல்லூரியில் பரிசாகக் கிடைத்த அக்ரிலிக் வண்ணங்களைப் பற்றி ஒரு தூரிகையைப் பாழாக்கித்தான் கற்றேன். ஈரமாக இருக்கையில் அவை தண்ணீரில் அலசினாலே போய்விடும். காய்ந்துவிட்டால் பிளாஸ்டிக் தோலாகி, தண்ணீரிலும் சோப்பிலும் கரையா.

பனியன் பிரிண்டிங் பட்டறையில் வேலை செய்த பெரியப்பா மகளுக்கு இது தெரியாது. அங்கே மெஷினில் சூடேற்றும் வரை சாயம் அலசினால் போய்விடும். பெண் பார்க்க வருவோரிடம் அவள் வேலைக்குப் போவதில்லை என்று சொல்லியிருந்தார்கள். அவர்கள் வருவதற்கு முந்தைய நாள், தன் ஒரே நல்ல சேலையில் பூ வரைய என் நீலத்தை எடுத்தாள்.

"கேக்காம எடுக்கறீங்களேக்கா."

"புடிக்கலீன்னா அலசிக்கிறேன். பொஸ்தகம் திங்கிற கழுதைக்குச் சாயத்தப் பத்தி என்னம்மிணி தெரியும்?"

நான் புத்தகத்தின் அடுத்த பக்கத்தைப் புரட்டினேன். காய்ந்ததும் நீலம் கறுத்தது, அவளுக்குப் பிடிக்கவில்லை. சோப்புப் போட்டுத் தேய்த்ததில் சேலைதான் நைந்தது.

"போகலியே அம்மிணி" என்றாள், அழுகையை அடக்கிக்கொண்டு.

"காஞ்சா போகாதுங்க்கா. டப்பாலயே போட்டிருக்குது."

மறுநாள் என் அம்மாவின் சேலையில் வந்து காபி கொடுத்தாள். நகங்களைச் சுற்றி இன்னும் நீலம் இருந்தது. மாப்பிள்ளையின் தாய் அந்த விரல்களையே பார்த்தார்.

"பொண்ணு சாயப் பட்டறைக்குப் போகுதுங்களா?"

பெரியப்பா தலைகுனிந்தார். அவள் என்னைப் பார்த்தாள். அது என் ஓவிய வண்ணம் என்று நான் சொல்லியிருக்கலாம். காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.