திருப்பி அடிக்காத பெல்

எங்கள் அப்பா போனில் பேசமாட்டார். பெல் அடிப்பார், அவ்வளவுதான்.

எங்கள் ஊர்த் தங்க மைன் ஓடிய காலத்தில் அவருக்குக் கேஜ் வாசலில் பெல் அடிக்கிற வேலை. கேஜ் என்பது ஆட்களைச் சுரங்கத்துக்குள் இறக்கி ஏற்றும் கூண்டு. கீழேயிருந்து மூன்று பெல் அடித்தால் ஆள் ஏறுகிறது என்று அர்த்தம். மேலே இஞ்சின் ஓட்டுகிறவர் அதே மூன்றைத் திருப்பி அடிக்க வேண்டும். திருப்பி வராமல் கேஜ் அசையக் கூடாது, ஆளும் அசையக் கூடாது. அந்தப் பழக்கம் அவர் உடம்பில் ஊறிப் போயிருந்தது.

மைன் தூசி நுரையீரலில் தங்கி, இப்போது அவர் பகல் பூராவும் மூக்கில் குழாயோடு ஆக்சிஜன் மெஷினுக்குப் பக்கத்தில்தான். நான் விடியற்காலை ஊரிகத்தில் ரயில் ஏறி பெங்களூர் போய் வருகிறவள். வேலையை விட்டால் அடுப்பு எரியாது. அதனால் எங்களுக்குள் ஒரு ஏற்பாடு. நான் ஒரு ரிங் விட்டு கட் பண்ணுவேன், அவரும் ஒரு ரிங் விட்டு கட் பண்ணுவார். நல்லா இருக்கேன் என்று பொருள். கரண்ட் போய் மெஷின் நின்றால் அவர் அப்படி மூன்று ரிங் விடுவார். உடனே நான் அதே மூன்றைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, எங்கள் லைனில், அந்த மைன் வரிசை வீடுகளில், கடைசி வீட்டுச் சித்தப்பாவுக்கு போன் போடுவேன். அவர் அப்பாவோடு ஒரே ஷிஃப்டில் இருந்தவர். ஓடி வந்து, மூலையில் நிறுத்தி வைத்திருக்கும் ஸ்பேர் சிலிண்டரைத் திறந்து குழாயை மாட்டிவிடுவார். அந்தத் திருகு இரும்பாக இறுகிக் கிடக்கும், அப்பாவால் முடியாது.

இது ஒழுங்காக நடந்துகொண்டிருந்தது. அப்போதுதான் புனேயில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் என் தம்பி லீவில் வந்தான்.

வீட்டுக்குள் சிக்னல் எடுக்கவில்லை என்பது நிஜம். பென்ஷன் நின்றுவிடும், நம்பரைச் சொல்லு என்று மிரட்டும் திருட்டு போன்கள் வந்ததும் நிஜம். தம்பி எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து கண்டுபிடித்தான். வீட்டில் வைஃபை போட்டான். அப்பா போனில் ரீசார்ஜே வேண்டாம், வைஃபை போதும் என்றான். என் போனில் பேசுகிற ரீசார்ஜ் பேக்கை எடுத்துவிட்டு டேட்டா மட்டும் போட்டான். "இன்னும் இன்னாக்கா பழைய காலத்துலயே இருக்கீங்க? இப்பல்லாம் எல்லாருமே நெட்லதான் பேசறாங்க," என்றான். எனக்கும் அது புத்திசாலித்தனமாகத்தான் பட்டது. ரிங் தெளிவாக வந்தது, திருட்டு போன்கள் நின்றன. தம்பி ஏதோ மலையைப் பெயர்த்தவன் மாதிரி புனேக்குத் திரும்பிப் போனான்.

அப்புறம் ஒரு நாள் சாயங்காலம் ரயில் வைட்ஃபீல்டு தாண்டியதும் வழக்கம்போல ரிங் விட்டேன். பதில் இல்லை. பாத்ரூம் போயிருப்பார் என்று நினைத்தேன். மறுபடி அடித்தேன். திரையில் 'காலிங்' என்று இருந்தது, 'ரிங்கிங்' என்று மாறவே இல்லை. அப்படியென்றால் அப்பாவின் போன் நெட்டிலேயே இல்லை. வைஃபை நின்றிருக்கிறது. வைஃபை ஏன் நிற்கும்? கரண்ட் இல்லாவிட்டால்தான் நிற்கும்.

கரண்ட் இல்லையென்றால் மெஷினும் இல்லை. அவர் மூன்று ரிங் விட்டாலும் அது வீட்டு வாசலைக்கூடத் தாண்டாது. மெஷினும் போனும் ஒரே ஒயரில் தொங்குகின்றன என்பது தம்பிக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

சித்தப்பாவைக் கூப்பிடலாம் என்று பேரைத் தேடி எடுத்தேன். அவருடையது பட்டன் போன். அதில் நெட் கிடையாது. என்னிடம் நெட்டைத் தவிர வேறெதுவும் கிடையாது. எத்தனை தடவை அழுத்தினாலும் கால் போகவில்லை. தம்பிக்கு அடித்தேன், மீட்டிங்கில் இருந்தானோ என்னவோ, எடுக்கவில்லை. அவனை வாய்க்கு வந்தபடி திட்டினேன். பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள், பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

எதிர் சீட்டில் தினமும் மாலூரில் இறங்கும் டீச்சர் இருந்தார். முகம் பழக்கம், பேசியதில்லை. "மேடம், ஸ்வல்ப போன் கொடி," என்று கன்னடத்தில் போனைக் கேட்டுக் கையை நீட்டினேன். என் முகத்தைப் பார்த்து ஒன்றும் கேட்காமல் கொடுத்துவிட்டார். சித்தப்பா நம்பரை என் போனில் பார்த்துப் பார்த்து அதில் அழுத்தினேன்.

ரிங் போனது. எடுக்கவில்லை. மறுபடி அடித்தால், இரண்டாவது ரிங்கிலேயே கட் பண்ணினார். தெரியாத நம்பர் என்றால் எடுக்காதே என்று லைன் முழுக்கச் சொல்லி வைத்தது நான்தான். டீச்சர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். மாலூர் நெருங்கிக்கொண்டிருந்தது. அவர் இறங்கினால் போனும் இறங்கிவிடும்.

அந்த நேரத்தில் எப்படித் தோன்றியதோ தெரியாது. ஒரு ரிங் விட்டு கட் பண்ணினேன். இன்னொன்று, கட். மூன்றாவது, கட். போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். பிளாட்பாரம் வந்துவிட்டது. டீச்சர் எழுந்து நின்றார், ஆனால் போனைக் கேட்கவில்லை.

போன் அடித்தது.

"யாருப்பா அது மூணு பெல் அடிக்கறது?" சித்தப்பாவின் குரல். திருட்டுப் பயலுக்கு மூன்று பெல் தெரியாது என்று அவருக்குத் தெரியும்.

"சித்தப்பா, நான்தான். அப்பாவப் பாருங்க, ஓடுங்க."

"இங்க கரண்ட் கீதேம்மா?"

"எங்க வூட்ல இல்ல சித்தப்பா. போங்க!"

போனைத் திருப்பிக் கொடுத்தேன். டீச்சர் என் தோளை ஒரு தடவை அழுத்திவிட்டு இறங்கிப் போனார். நன்றி சொன்னேனா என்றுகூட நினைவில்லை. அதற்கப்புறம் டேக்கல், பங்காரப்பேட்டை, நின்று நின்று போகிற அந்த ரயில். எனக்கு யாரும் எதுவும் சொல்ல முடியாது. பேசுகிற பேக் இல்லாத நம்பருக்கு கால் உள்ளேயும் வராது; சித்தப்பாவால் என்னைக் கூப்பிட முடியாது, என்னால் அவரைக் கூப்பிட முடியாது. கையில் போன் இருந்தது, அதில் உலகமே இருந்தது, எங்கள் வீடு மட்டும் இல்லை. அப்பா செத்துப்போயிருப்பார் என்றே நினைத்தேன். நினைக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே நினைத்தேன். வேறொருவர் போனை வாங்கி மறுபடி அடிக்கலாமே என்று தோன்றியது. அடிக்க தைரியம் வரவில்லை. என் போனில் அப்பாவுக்கு மட்டும் திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டே இருந்தேன், 'காலிங்' மாறவே இல்லை.

ஊரிகத்தில் ரயில் நிற்பதற்கு முன்பே குதித்து ஓடினேன். வீட்டுக் கதவு திறந்திருந்தது. வாசலில் லைன்மேன் கம்பத்தில் ஏணியைச் சாத்திக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டுக்கு வரும் ஒயர் மட்டும் காற்றில் கழன்று தொங்கியது. உள்ளே அப்பா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மூக்கில் குழாய், பக்கத்தில் சிலிண்டர், உதடு இன்னும் சாம்பல் நிறம். சித்தப்பா அவர் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார்.

"இன்னாப்பா நீ! கதவத் தொறந்து ரெண்டு அடி வெளிய வந்திருந்தா யாராவது பாத்திருப்பாங்க இல்ல?" என்று கத்தினேன். பயம் போன பிறகு எனக்கு முதலில் வருவது கோபம்தான்.

அவர் ஒவ்வொரு வார்த்தைக்கும் மூச்சு வாங்கினார். "மூணு... அடிச்சேம்மா. திருப்பி... வரல. அதான்... குந்திகினு இருந்தேன்."

பெல் திரும்பி வரும்வரை அசையக் கூடாது என்று மூச்சில்லாமல் உட்கார்ந்திருக்கிறார். திரையில் ஏதோ எழுத்து வந்ததாம், அதைத் தள்ளிவிட்டு மறுபடி மூன்று அழுத்தினாராம். நான் அவரை மறந்துவிட்டேன் என்று நினைத்தாரோ என்று கேட்கத் துணிச்சல் வரவில்லை. காலையில் முதல் வேலை இரண்டு போனுக்கும் பழைய பேக்கைப் போடுவதுதான் என்று சித்தப்பாவிடம் சொன்னேன்.

அப்போது கரண்ட் வந்தது. ஃபேன் சுற்றியது, வைஃபை டப்பாவில் பச்சை விளக்கு எரிந்தது. கொஞ்ச நேரத்தில் அப்பாவின் போன் டிங் என்றது. மறுபடி டிங். மறுபடி. வைட்ஃபீல்டிலிருந்து நான் அடித்ததெல்லாம் இப்போதுதான் வீடு வந்து சேர்ந்துகொண்டிருந்தது.

அப்பா எங்களைக் கையமர்த்தினார். ஒவ்வொரு டிங்குக்கும் ஒரு விரலை மடக்கினார். ஒரு கை முடிந்தது, இன்னொரு கையும் முடிந்தது, போன் நிற்கவில்லை.

"இவ்ளோ... அடிச்சியா?"

"ஆமாம்பா."

அவர் போனை எடுத்து, கண்ணுக்குக் கிட்டே வைத்துத் தேடி, அழுத்தினார். அவர் பக்கத்திலேயே நின்றிருந்த என் கையில் போன் அடித்தது. ஒரே ஒரு ரிங். கட் பண்ணினார்.

"அடிச்சா... திருப்பிக் குடுக்கணும் இல்ல," என்றார்.

சித்தப்பா பார்த்துக்கொண்டிருக்கிறாரே என்ற வெட்கம்கூட இல்லாமல், அப்பாவின் மடியில் தலையை வைத்து வாய்விட்டு அழுதேன்.