கசியேயில் ஒன்றுமில்லை

பிறத்தியார் செய்த குற்றத்தை நல்ல பிரெஞ்சில் எழுதிக் கொடுப்பதுதான் என் தொழில். படிப்பைப் பாதியில் விட்டவளுக்குப் புதுச்சேரிப் பக்கத்துப் பாகூரில் வேறென்ன வேலை கிடைக்கும்? மனு எழுதி அவதிப்படும் சகாக்களே, உங்களுக்கே தெரியும்: வருகிறவர் ஊர்க்கதையெல்லாம் சொல்வார், குற்றத்தை மட்டும் சொல்லமாட்டார்.

சும்மா ஒரு தகராறு

"கசியேல என் பேரு கீது பாப்பா. அழிச்சிக் குடு," என்று வந்தார் ஆதிமூலம். கசியே என்பது தண்டனை பெற்றவர்களின் பதிவேடு. பிரெஞ்சுக்காரன் கொடி இறங்கிவிட்டது, பதிவேடு இறங்கவில்லை. அதில் பேர் இருந்தால் கொம்யூன் பஞ்சாயத்தில் வேலை கிடையாது. அவர் கேட்டிருந்ததோ ஏரி மதகுக் காவல்.

"இன்னா குத்தம் பண்ணீங்க?"

"சும்மா ஒரு தகராறு."

பழைய தீர்ப்பை வாங்கிப் படித்தேன். அதே மதகை உடைத்ததற்கு ஒரு மாதம் சிறை! "உடைச்ச உங்களை நம்பி மதகை எப்படிக் குடுப்பாங்க?" என்று முகத்துக்கு நேரே கேட்டேன். மனுஷன் அசரவில்லை.

"உடைச்சவனுக்குத்தான் பாப்பா அது எங்க உடையும்னு தெரியும்."

வருத்தம்

கோர்ட்டுக்குப் போகும் மனுவில் 'வருந்துகிறேன்' என்று ஒரு வரி வேண்டும். அது இல்லாமல் நான் எழுதிய மனு ஒன்று ஏற்கெனவே திரும்பி வந்திருக்கிறது. ஆதிமூலம் ஒத்துக்கொள்ளவில்லை. "பயிரு காஞ்சிது, தண்ணி வுட்டேன். இதுக்கு இன்னாத்துக்கு வருந்தணும்?" பொய் எழுத எனக்கும் கை வரவில்லை. பேனாவை மூடிவிட்டேன். அதுவரை வாசலிலேயே நின்றிருந்த அவர் மனைவி செல்லம்மா விறுவிறுவென்று உள்ளே வந்தார்.

"நீ உள்ள உக்காந்து தின்ன அந்த ஒரு மாசமும் நானும் மூணு புள்ளைங்களும் கூழுக்குப் பல்லைக் காட்டினோமே, அதுக்கு வருத்தப்படுய்யா."

நெயான்

ஆதிமூலம் தலையாட்டவே, அதை அப்படியே பிரெஞ்சாக்கி அனுப்பினேன். மாதக்கணக்கில் காத்திருந்த பிறகு புதுச் சான்று வந்தது. 'தண்டனைகள்' என்ற இடத்துக்கு எதிரே ஒரே சொல்: நெயான். "ஒண்ணுமில்ல," என்று படித்தேன். ஆதிமூலம் அப்படியே குந்திவிட்டார். "ஒண்ணுமில்லையாம். வாடி, வூட்டுக்குப் போலாம்," என்றார் மனைவியிடம். மனு பலிக்கவில்லை என்று எடுத்துக்கொண்டாராம்! "ஐயோ, உங்க மேல குத்தம் ஒண்ணுமில்லன்னு அர்த்தம். ஜெயிலுக்கே போவாத ஆளு நீங்க இப்போ," என்று கத்தினேன். சிரிப்பார் என்று பார்த்தேன். தாளைப் பார்த்தார், செல்லம்மாவைப் பார்த்தார்.

"அப்போ அந்த ஒரு மாசம் நான் எங்க பாப்பா இருந்தேன்?"

மதகுச் சாவி அவர் கைக்கு வந்துவிட்டது. அந்தக் கேள்விக்குப் பதில்தான் எனக்குத் தெரிந்த இரண்டு மொழியிலும் எழுத வரவில்லை.